ஆறு கிலோமீட்டர் ஆழத்திலும் மணற்கல்லில் துளைகள் எப்படி மிஞ்சுகின்றன?

கேள்வி இதுதான்: தரைக்குக் கீழே ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஆழத்தில், அத்தனை பாறைச் சுமைக்கு அடியில் கிடக்கும் மணற்கல், எண்ணெயையும் எரிவாயுவையும் தேக்கி வைக்கும் அளவுக்கு எப்படித் துளைகளோடு இருக்கிறது? எல்லாம் நசுங்கி மூடிப்போயிருக்க வேண்டாமா? அல்லது ஆழத்தில் புதிதாகத் துளைகள் உண்டாகின்றனவா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மணற்கற்களில் துளைகள் மூடிப்போகத்தான் செய்கின்றன. மூடாமல் மிஞ்சிய சிலவற்றில் நாம் பார்ப்பது ஆழத்தில் புதிதாகப் பிறந்த துளைகளை அல்ல. மணல் படிந்த நாளிலிருந்து காப்பாற்றப்பட்டு வந்த பழைய துளைகளைத்தான். அந்தக் காவல் ஏற்பாடும் பெரும்பாலும் மணல் புதைவதற்கு முன்போ, புதைந்த தொடக்கத்திலோ அமைந்துவிடுகிறது. இன்னொன்று: ஆழத்தில் துளைகளுக்கு முதல் எதிரி அழுத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் வரை அது சரி. அதற்குக் கீழே எதிரி வெப்பம்.

இதை நம்புவதற்கு மணற்கல்லை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டின் துளைகளுக்குள் நீல நிற ரெசினைச் செலுத்தி, இறுகவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்ப்பார்கள். கடைசித் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. அதை நுண்ணோக்கியில் வைத்தால் வெள்ளை மணிகளுக்கு நடுவே நீலத் திட்டுகள் தெரியும். அந்த நீலம்தான் துளை. நான் என் வேலை நாட்களில் பெரும்பகுதியை இந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறேன். மேலோட்டமான ஆழத்து மணற்கல்லில் நீலம் தாராளமாக இருக்கும். ஆழம் கூடக் கூட அது மெலிந்து, மணிகளுக்கு நடுவே முக்கோணப் புள்ளிகளாகச் சுருங்கி, கடைசியில் வெறும் வெள்ளை மட்டும் மிஞ்சும். எப்போதாவது ஒருமுறை ஆறு கிலோமீட்டர் ஆழத்து மாதிரியிலும் தகடு முழுக்க நீலம் பளிச்சென்று தெரியும். அந்த விதிவிலக்கு எப்படி நேர்ந்தது என்பதை மணல் படியும் இடத்திலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

ஒரே அளவுள்ள கோளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினால் இடைவெளி 47.6 சதவீதம். கோளங்களைப் பள்ளங்களில் பொருந்துமாறு மிக நெருக்கமாக அடுக்கினால் 26 சதவீதம். கோளம் பெரியதா சிறியதா என்பதால் இந்த எண்கள் மாறுவதில்லை. உண்மையான மணலிலும் அப்படித்தான் என்று 1973இல் பியர்ட், வெயில் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் சோதனைகளால் காட்டினார்கள். ஈர மணலில் மணிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் நுண்துளைமை, அதாவது மொத்தக் கன அளவில் துளையின் பங்கு, 42 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சிறியதும் பெரியதும் கலந்து கிடந்தால், சிறிய மணிகள் பெரியவற்றின் இடைவெளியில் புகுந்துகொண்டு, அது 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காற்று குவித்த மணல்மேட்டுக்கும் அலை அலசிய கரைக்கும் கிடைக்கும் அனுகூலம் இது: அங்கே மணிகள் சலித்து எடுத்ததுபோல் ஒரே அளவாக இருக்கும்.

மணல் புதையத் தொடங்கியதும் மேலே சேரும் வண்டலின் சுமை மணிகளை நகர்த்தி, சுழற்றி, நெருக்கமாக உட்கார வைக்கிறது. இந்த இறுக்கம் எவ்வளவு துளையைத் தின்றுவிடுகிறது என்பதைப் பலரும் குறைத்தே மதிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கன சென்டிமீட்டர் மணலில் 42 இடைவெளி, 58 மணி என்று வைத்துக்கொள்வோம். கடினமான குவார்ட்ஸ் மணல், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், மணிகளுக்கு நடுவிலான இடம் 26 சதவீதமாகும்வரை இறுகி, பிறகு அந்த அளவில் ஏறக்குறைய நிலைகொள்கிறது. மணிகள் அதே 58 கன சென்டிமீட்டர்தான்; இப்போது அவை மொத்தத்தில் 74 சதவீதம். எனவே மொத்தக் கன அளவு சுமார் 78 ஆகச் சுருங்கியிருக்கிறது. இடைவெளி 42இலிருந்து 20 ஆகிவிட்டது. வேதிமாற்றம் எதுவும் பெரிதாகத் தொடங்கும் முன்பே, சுமை மட்டுமே துளையில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டது.

இதுவும் மணிகள் கடினமாக இருந்தால்தான். களிமண் உருண்டைகள், சிதைந்த எரிமலைப் பாறைத் துணுக்குகள், மைக்கா போன்ற மென்மையான மணிகள் நிறைய இருந்தால் அவை பிசைந்த மாவுபோல நசுங்கி இடைவெளிகளுக்குள் வழிந்து அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மணல் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதன் மணிகள் எந்த மலையிலிருந்து வந்தன என்பதே அதன் விதியை எழுதிவிடுகிறது. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பது மணற்கல்லுக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது கட்டம் குவார்ட்ஸ் சிமெண்ட். சிமெண்ட் என்று நாங்கள் சொல்வது, மணிகளுக்கு நடுவே படிந்து அவற்றை ஒட்டவைக்கும் கனிமத்தை. இதுதான் ஆழத்தில் துளைகளை அடைக்கும் முதன்மைக் காரணி. குவார்ட்ஸ் மணியின் மேல் குவார்ட்ஸே மேலும் வளர்கிறது. மணியின் படிக அமைப்பு எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் ஒட்டி வளர்வதால், சாதாரண ஒளியில் பழைய மணி எங்கே முடிகிறது, புதிய வளர்ச்சி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சில சமயம் பழைய மணியின் மேல் படிந்திருந்த தூசு ஒரு மெல்லிய கோடாக உள்ளே சிக்கிக்கொண்டு எல்லையைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கில நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி இந்த மேல்வளர்ச்சியை 1880லேயே நுண்ணோக்கியில் கண்டு விளக்கியிருக்கிறார். 1968இல் சிப்பெல் என்ற ஆய்வாளர் மின்னணுக் கற்றையை மணற்கல்லின் மேல் பாய்ச்சி, மணியும் மேல்வளர்ச்சியும் வெவ்வேறு நிறத்தில் ஒளிர்வதைக் காட்டிய பிறகுதான், நசுங்கிப் போனவை என்று நினைத்திருந்த பல மணற்கற்கள் உண்மையில் சிமெண்டால் அடைபட்டவை என்பது புரிந்தது.

குவார்ட்ஸ் என்பது படிகமான சிலிக்காதான். சிமெண்டுக்கு வேண்டிய இந்தச் சிலிக்கா எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தொலைவிலிருந்து வருவதில்லை. குவார்ட்ஸ் மணி மைக்காவையோ களிமண் இழையையோ தொடும் இடங்களில் கரைகிறது. கரைந்தது சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர் தள்ளி வேறொரு மணியின் மேல் படிகிறது. கரைதலும் நகர்தலும் படிதலும் சேர்ந்த இந்தச் சங்கிலியில் மிக மெதுவான கண்ணி கடைசிப் படி, அதாவது படிதல். அந்தப் படியின் வேகத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும், படிவதற்கு எவ்வளவு வெறும் குவார்ட்ஸ் பரப்பு கிடைக்கிறது என்பதும்தான். நார்வேக் கடலோர மணற்கற்களை ஆராய்ந்த ஓலாவ் வால்டர்ஹௌக் 1990களில் இதை ஒரு கணக்கு மாதிரியாகவே வகுத்தார். மேலே ஏறிய சுமை எவ்வளவு என்ற எண் அந்தக் கணக்கில் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எண்களாகச் சொன்னால் இது கண்முன் நிற்கும். 70, 80 டிகிரி செல்சியசுக்குக் கீழே குவார்ட்ஸ் சிமெண்ட் பொருட்படுத்தத் தக்கதல்ல. 100 டிகிரியில், அந்த மாதிரிக் கணக்கின்படி, பத்து லட்சம் ஆண்டுகளில் மணியின் மேல் வளர்வது ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 150 டிகிரியில் அந்த வேகம் பத்து மடங்குக்கும் மேல். அங்கே ஒரு கோடி ஆண்டுகள் கிடந்தால் வளர்ச்சி இருபது, முப்பது மைக்ரானைத் தொட்டுவிடும். நடுத்தர மணலில் துளைகளை இணைக்கும் குறுகிய கழுத்துகள் அடைபட அது போதும். கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடேறும் வழக்கமான நிலப்பகுதியில், மூன்று கிலோமீட்டருக்குக் கீழே காப்பில்லாத மணல் ஒவ்வொன்றும் இந்தக் கடிகாரத்தின் கீழ்தான் இருக்கிறது.

ஆகவே ‘எவ்வளவு ஆழம்’ என்று கேட்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு சூட்டில், எவ்வளவு காலம் கிடந்தது என்று கேட்க வேண்டும். ஒரே ஆழத்தில் இருக்கும் இரண்டு மணற்கற்களில் ஒன்று பத்துக் கோடி ஆண்டுகளாக அங்கே வெந்துகொண்டிருக்கலாம். மற்றது அண்மையில்தான் அங்கே இறங்கியிருக்கலாம். சீனாவின் தாரிம் படுகையின் வட விளிம்பில் உள்ள குச்சா பகுதியின் கிரீத்தேசியக் காலத்து மணற்கற்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவை நெடுங்காலம் ஆழம் குறைந்த இடத்தில் கிடந்தன. தியான்ஷான் மலைகள் எழும்பியபோது, நிலவியல் கணக்கில் மிக அண்மையில், சடாரென்று 6,000 முதல் 8,000 மீட்டருக்குப் போயின. அந்தப் படுகையே சூடு குறைந்த படுகை. மணிகளுக்கு நடுவே மிஞ்சிய துளை அங்கே ஒற்றை இலக்கச் சதவீதம்தான் என்றாலும், மலையெழுச்சி உண்டாக்கிய விரிசல்கள் அந்தத் துளைகளை இணைத்துவிட்டதால் பெரிய எரிவாயு வயல்கள் அங்கே இயங்குகின்றன.

மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடல் பகுதியில் வேறொரு காவலன் உண்டு: உப்பு. களிப்பாறையைவிட உப்பு வெப்பத்தை இரண்டு மூன்று மடங்கு எளிதாகக் கடத்தும். தடித்த உப்புப் பாளத்துக்கு அடியில் கிடக்கும் மணலின் வெப்பம் அந்த உப்பு வழியாக மேலே ஓடிவிடுகிறது. அதனால் ஆழத்துக்கு ஏற்ற சூடு அந்த மணலுக்கு ஏறுவதில்லை. சிமெண்ட் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். சூடும் காலமும் முழுதாகக் கிடைத்தும் மூடாத மணற்கற்கள் இருக்கின்றன. அவற்றைக் காத்தது மணிகளின் மேல் படிந்த ஒரு மெல்லிய போர்வை.

ஒருமுறை ஒரே கிணற்றிலிருந்து, ஒரு மீட்டர் கூட இடைவெளி இல்லாத இரண்டு மாதிரிகள் என் மேசைக்கு வந்தன. ஒரே ஆழம், ஒரே சூடு, ஒரே வயது, மணியின் அளவும் ஒன்றேதான். முதல் தகட்டில் நீலமே இல்லை. மணியோடு மணி பின்னிப் பிணைந்து கருங்கல்போல் இருந்தது. இரண்டாவது தகட்டில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் பச்சை விளிம்பு. விளிம்புக்கு வெளியே தூய நீலம். அந்தப் பச்சை குளோரைட் என்னும் களிமண் கனிமம். மின்னணு நுண்ணோக்கியில் அதன் தகடுகள் மணியின் மேல் செங்குத்தாக, நெருக்கி அடுக்கிய சீட்டுகள்போல நின்றன. போர்வையின் தடிமன் பத்து மைக்ரானுக்கும் குறைவு. ஓர் இடத்தில் போர்வையில் ஒரு சிறு கிழிசல். அந்தக் கிழிசல் வழியாக மட்டும் குவார்ட்ஸ் வெளியே தலைநீட்டி, கூர்முனைப் படிகமாகத் துளைக்குள் வளர்ந்து நின்றது. இதைப் பார்த்த பிறகு, இந்த மணலுக்குச் சிலிக்காவே வரவில்லையோ என்ற ஐயம் எனக்கு எழவில்லை. சிலிக்கா வந்திருக்கிறது. ஒட்டிக்கொள்ள இடம்தான் கிடைக்கவில்லை.

போர்வை செய்வது இவ்வளவுதான். குவார்ட்ஸ் குவார்ட்ஸின் மேல்தான் எளிதாக வளரும்; இடையில் வேறு கனிமம் நின்றால் ஒட்டும் பரப்பு இல்லாமல் போகிறது. ஆனால் அரைகுறைப் போர்வையால் பெரிய பயன் இல்லை. மணியின் பரப்பில் பாதியை மூடினால் பாதித் துளை மிஞ்சும் என்று கணக்கிடக் கூடாது. மூடாத பாதியிலிருந்து வளரும் குவார்ட்ஸ் பக்கவாட்டில் பரவி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஏறக்குறைய முழுப் போர்வை வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டஸ்கலூசா மணற்கல் இதற்குப் பெயர்பெற்றது. ஃபால்ஸ் ரிவர் வயல் 1975இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஆழத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் நுண்துளைமை இருந்தது பலருக்கும் வியப்பாக இருந்தது. காரணம் குளோரைட் போர்வை. அதற்கு வேண்டிய இரும்பும் மக்னீசியமும் மணலில் கலந்திருந்த எரிமலைப் பாறைத் துணுக்குகளிலிருந்து வந்தவை. நார்வேக்கு மேற்கே ஹால்டன்பாங்கன் கடற்பகுதியின் ஜுராசிக் மணற்கற்களிலும் இதே கதைதான். அவற்றைப் பற்றி எரன்பெர்க் 1993இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது.

போர்வை எப்படி உண்டாகிறது என்பது இன்னும் சுவையானது. ஆழத்தில் நாம் காணும் குளோரைட் அங்கேயே பிறந்ததல்ல. ஆறு கடலைச் சந்திக்கும் இடங்களில் இரும்புச்சத்து நிறைந்த களிமண் மணிகளின் மேல் ஒட்டுகிறது. முதலில் அது ‘பெர்தியரின்’ என்ற இரும்புக் களிமண் போன்ற முன்னோடிக் கனிமமாக இருந்து, மெல்லச் சூடேறும்போது, குவார்ட்ஸ் வேகமெடுக்கும் கட்டத்தை ஒட்டி, குளோரைட்டாக மாறுகிறது. தொடக்கக் களிமண் மணியில் ஒட்டுவதற்கு உயிர்கள் உதவுகின்றன. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ரேவன்கிளாஸ் கழிமுகத்தில் நடந்த ஆய்வுகள், நுண்பாசிகள் சுரக்கும் வழுவழுப்பான படலம் களிமண்ணை மணலோடு ஒட்டவைப்பதைக் காட்டியிருக்கின்றன. மணலைத் தின்று கழிக்கும் கடற்புழுக்களின் குடல் வழியாகப் போய்வந்த மணிகளின் மேலும் களிமண் போர்வை உண்டாவதைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். கழிமுகச் சேற்றில் ஒரு புழு தின்று துப்பிய மணி, பல கோடி ஆண்டுகள் கழித்து ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் எண்ணெய்த் தேக்கத்தைத் தாங்குகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. போர்வை படிவுச் சூழலைச் சார்ந்தது என்றால், எந்தச் சூழலின் மணலைத் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும். அதே வேளை களிமண் கூடினாலும் கெடுதல். போர்வையாக இருக்கும்வரை நன்மை; துளையை நிரப்பத் தொடங்கினால் அதுவே அடைப்பு. இல்லைட் வகைக் களிமண்ணோ மைக்காவோ மணிகள் தொடும் இடங்களில் இருந்தால், அங்கே குவார்ட்ஸ் இன்னும் எளிதாகக் கரைந்து சிமெண்டுக்குச் சிலிக்கா வழங்கும். எல்லாப் போர்வையும் குளோரைட் போர்வை ஆகிவிடாது.

போர்வையில் இரண்டாவது வகை குவார்ட்ஸே. கேட்கும்போது முரணாகத் தோன்றும். வட கடலின், ஜுராசிக் காலத்துப் பிற்பகுதியைச் சேர்ந்த மணல்களில் ரக்ஸெல்லா என்ற கடற்பஞ்சின் சிலிக்கா உருண்டைகள் ஏராளமாகக் கலந்திருந்தன. அவை ஓப்பல் வகைச் சிலிக்கா, எளிதில் கரைபவை. அவை கரைந்தபோது துளைநீரில் சிலிக்கா மிதமிஞ்சிப் பெருகி, ஒவ்வொரு மணியின் மேலும் ஓரிரு மைக்ரான் அளவுள்ள ஆயிரக்கணக்கான குட்டிப் படிகங்கள் ஒரேயடியாகப் படிந்தன. இந்தக் குட்டிப் படிகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நிற்கின்றன. முகங்கள் முழுமையாக அமைந்துவிட்ட படிகம் மிக மெதுவாகவே வளரும். அதனால் மணியோடு ஒட்டி வளரும் பெரிய மேல்வளர்ச்சி அடிபட்டுப் போகிறது. இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு வேறு விளக்கங்களும் உண்டு. வேலை செய்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

வட கடலின் எல்ஜின், ஃபிராங்க்ளின் வயல்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. ஐந்தேகால் கிலோமீட்டருக்கும் கீழே, ஏறத்தாழ 190 டிகிரி சூட்டில், சில அடுக்குகளில் 30 சதவீதம் வரை நுண்துளைமை. அங்கே துளைத் திரவத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1,100 பார் (ஒரு பார் என்பது தரைமட்டத்துக் காற்றழுத்தம் அளவு). இதன் பொருளைப் புரிந்துகொள்ள, 1920களில் கார்ல் டெர்சாகி மண்ணியலுக்குத் தந்த கருத்துக்குப் போக வேண்டும். மணிகளை நெருக்குவது மேலுள்ள மொத்தச் சுமை அன்று. மொத்தச் சுமையிலிருந்து துளைத் திரவம் தாங்கும் பங்கைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மணிகளுக்கு. ஐந்தரை கிலோமீட்டரில் பாறைச் சுமை சுமார் 1,240 பார். துளைநீர் மேற்பரப்போடு தடையின்றித் தொடர்பு கொண்டிருந்தால் அது 550 பார் தாங்கும். மீதி கிட்டத்தட்ட 700 பார் மணிகளின் தலையில். திரவத்தின் அழுத்தமே 1,100 பார் என்றால் மணிகளுக்கு வருவது 140 பார் அளவுதான். அது சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் ஆழத்தில் சாதாரண மணல் தாங்கும் சுமைக்குச் சமம்.

சுற்றியுள்ள களிப்பாறை தண்ணீரை வெளியே விடாமல் அடைத்துக்கொண்டால், அல்லது எண்ணெய் வாயுவாக மாறி இடம் கேட்டால், இப்படி அழுத்தம் ஏறும். ஆனால் இந்த அதிக அழுத்தத்துக்குச் சிலர் தரும் முழுப் பெருமை அதற்கு உரியது என்று நான் கருதவில்லை. அது இறுக்கத்தைத் தடுக்கும். அதுவும் அழுத்தம் தொடக்கத்திலேயே ஏறியிருந்தால்தான். பல படுகைகளில் அது பிந்தி ஏறுகிறது. அதற்குள் மணிகள் இறுகி முடித்திருக்கும். இறுகிய மணல் மீண்டும் விரிந்து கொடுக்காது. 190 டிகிரி சூட்டில் வேகமாக வளரும் குவார்ட்ஸை அழுத்தத்தால் நிறுத்தவும் முடியாது. சுமையைத் திரவம் தாங்கியிருக்கலாம். சிமெண்டைத் தடுத்தது கடற்பஞ்சு விட்டுச்சென்ற போர்வைதான்.

எண்ணெய் முன்கூட்டியே வந்து துளையை நிரப்பினால் சிமெண்ட் நின்றுவிடுமா என்ற கேள்வி நெடுங்காலமாகச் சண்டைக்குரியது. நீரே இல்லாமல் போனால் நிற்கும். ஆனால் பெரும்பாலான மணற்கற்களில் மணியை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் எண்ணெய் வந்த பிறகும் இருக்கும்; அதன் வழியாகச் சிமெண்ட் தொடர்ந்து வளர்வதைக் காட்டும் மாதிரிகள் இருக்கின்றன. வேகம் குறையலாம் என்பதை ஏற்கிறேன். எண்ணெயை நம்பி ஆழக் கிணறு தோண்டச் சொல்ல மாட்டேன்.

கேள்வியின் கடைசிப் பகுதி, புதிய துளைகள். 1979இல் ஷ்மிட், மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர்கள், ஆழத்து மணற்கற்களின் துளைகளில் பெரும்பங்கு பின்னாளில் கரைந்து உண்டானது என்று வலுவாக வாதிட்டார்கள். களிப்பாறையிலுள்ள கரிமப் பொருள் சூடேறும்போது வரும் அமிலங்களும் கார்பன் டை ஆக்சைடும் மணற்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார், கால்சைட் ஆகிய கனிமங்களைக் கரைக்கும் என்பது எண்ணம். நுண்ணோக்கியில் இது உண்மைபோலவே தெரியும்: பாதி கரைந்த ஃபெல்ட்ஸ்பார், எலும்புக்கூடாய் நிற்கும் மணி, அதைச் சுற்றி நீலம். அதனால் இந்தக் கருத்து பத்து, பதினைந்து ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது.

சிக்கல், கரைந்த சரக்கு எங்கே போனது என்பதில் இருக்கிறது. நார்வே நிலவியலாளர் நூட் பியோர்லிக்கே போன்றவர்கள் இதைத்தான் விடாமல் கேட்டார்கள். ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள அலுமினியம் நீரில் கிட்டத்தட்ட கரைவதே இல்லை. அதை வெளியே கொண்டுபோக, துளையின் கொள்ளளவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீர் பாய வேண்டும். மழைநீர் ஊடுருவும் மேல்மட்டத்தில் அது நடக்கும். ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் அத்தனை நீருக்கு எங்கே போவது? அங்கே ஃபெல்ட்ஸ்பார் கரைந்தால், பக்கத்துத் துளையிலேயே அது இல்லைட், கயோலினைட் போன்ற களிமண் கனிமமாகவும், கூடவே குவார்ட்ஸாகவும் படிந்துவிடுகிறது. ஓர் அறையைக் காலி செய்து அடுத்த அறையை நிரப்புவது போன்றது இது. நிகர ஆதாயம் பெரும்பாலும் ஒரு சில சதவீதம்தான். கரைந்த மணியின் அழகான படத்தை மட்டும் காட்டிவிட்டு, பக்கத்துத் துளையில் முளைத்த களிமண்ணைக் காட்டாத அறிக்கைகளைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

இன்னொரு எச்சரிக்கை: நுண்துளைமை இருந்தால் திரவம் ஓடும் என்று பொருளில்லை. சுமார் 120, 130 டிகிரியில் கயோலினைட்டும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து மயிரிழை போன்ற இல்லைட்டைத் தரும். அந்த இழைகள் துளைக்குள் சிலந்தி வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நுண்துளைமை அப்படியே இருக்க, ஊடுருவுதிறன் (திரவத்தை ஓடவிடும் திறன்) மட்டும் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட வீழ்ந்துவிடும். மாதிரியைச் சோதனைச்சாலையில் வெறும் காற்றில் உலர்த்தினால் இந்த இழைகள் மணியோடு ஒட்டிப் படுத்துவிடும். பிறகு அளந்தால் பாறை நன்றாக ஓடுவதுபோல் பொய் சொல்லும். இழைகள் படுத்துவிடாத தனி முறையில் உலர்த்தி அளக்க வேண்டும்.

கால்சைட் சிமெண்ட் பற்றி ஒரு வரி: அது குவார்ட்ஸ் சிமெண்ட்போல எங்கும் பரவாமல், சிப்பி ஓடுகள் நிறைந்த அடுக்குகளில் திட்டுத்திட்டாகக் கெட்டியாவதால், அதை ஆழத்தோடு அல்லாமல் அடுக்கோடு சேர்த்துத்தான் கணிக்க முடியும்.

இத்தகைய பாறை கைக்கு வந்தால் நான் பார்க்கும் வரிசையையும் சொல்கிறேன். முதலில் மணிகள் எவை, மென்மையானவை எவ்வளவு. அடுத்து, சிமெண்டையும் துளையையும் கூட்டி, மணிகளுக்கு நடுவே மொத்த இடம் எவ்வளவு என்று எண்ணுவேன். அது 26 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இறுக்கம் தன் வேலையை முடித்துவிட்டது, அதற்கு மிக மேலே இருந்தால் ஏதோ ஒன்று முன்பே அதைத் தடுத்திருக்கிறது. பிறகு அந்தப் பாறை இன்றிருக்கும் ஆழத்தை விட்டுவிட்டு, அது எட்டிய உச்ச வெப்பமும் அங்கே கிடந்த காலமும். மேலெழும்பிய படுகையில் இன்றைய ஆழம் ஏமாற்றும். நான்கு கிலோமீட்டரில் வெந்த கல் இன்று ஒன்றரை கிலோமீட்டரில் கிடக்கலாம். கடைசியாகப் போர்வை: இருக்கிறதா, எத்தனை மணிகளில், எவ்வளவு முழுமையாக.

குளோரைட் போர்வை உள்ள அடுக்கில் கிணறு தோண்டுபவர்களுக்கு இரண்டு இடங்களில் கவனம் தேவை. குளோரைட் தகடுகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடுக்குகள் உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் வழியாக மின்சாரம் எளிதாகப் பாய்வதால், மின்தடையை அளக்கும் கருவி ‘இங்கே வெறும் தண்ணீர்தான்’ என்று காட்டும். பெரிய துளைகள் முழுக்க எண்ணெய் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். இந்தக் காரணத்தால் நல்ல அடுக்குகளைக் கைவிட்டுப் போவது எளிது. இன்னொன்று, கிணற்றின் ஓட்டத்தைக் கூட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்துவது வழக்கம். இரும்பு நிறைந்த குளோரைட் அந்த அமிலத்தில் கரைந்து இரும்பை வெளிவிடும். அமிலம் நீர்த்ததும் அது கூழாகப் படிந்து, இத்தனை கோடி ஆண்டுகள் திறந்திருந்த துளைக்கழுத்துகளைச் சில மணி நேரத்தில் அடைத்துவிடும். இரும்பைக் கரைசலிலேயே பிடித்து வைக்கும் சேர்மம் கலக்காமல் அங்கே அமிலம் இறக்கக் கூடாது.